மேடு கரைந்த கதை

மோட்டார் கார் இஞ்சினின் உறுப்புகளுள் மிகுந்த துன்பத்துக்கு ஆளாவது எது என்று கேட்டால், பிஸ்டன் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் சொல்லுவோம். எரியும் வாயுவுக்கு நேர் எதிரே நிற்பது அதுதானே? பெட்ரோல் இஞ்சினில் வாயு எரியும்போது எழும் உச்ச அழுத்தம் ஏறத்தாழ 60 வளிமண்டல அழுத்தம். ஆனால் அதே இஞ்சினின் வயிற்றுக்குள், நெருப்பையே காணாமல் இருட்டில் எண்ணெயில் நனைந்தபடி சுழலும் ஓர் உறுப்பு, இதைப் போல நூற்றைம்பது மடங்கு அழுத்தத்தைத் தாங்குகிறது என்றால் நம்புவீர்களா? அதுதான் கேம் தண்டு. மெக்கானிக்குகள் கேம் ஷாப்ட் என்பார்கள்.

புதிதாகப் போட்ட கேம் தண்டு ஒன்று, இஞ்சினை முதன்முதலாக முடுக்கிய அரை மணி நேரத்துக்குள் மேடு கரைந்து உருண்டையாகிப் போவதுண்டு. கரைந்த இரும்புத் தூள் எண்ணெயோடு கலந்து பேரிங்குகளுக்குப் போய், பல மாத உழைப்பையும் பணத்தையும் சேர்த்து வீணாக்கிவிடும். காரின் வேகத்தைக் கூட்ட விரும்பி இஞ்சினை மாற்றியமைத்த அமெரிக்க இளைஞர்கள் இந்த இழப்பைத் தலைமுறை தலைமுறையாகச் சந்தித்து வந்திருக்கிறார்கள். ஏன் இப்படி ஆகிறது என்ற கேள்விக்கு விடை தேடப் போனால், அது நம்மை ஒரு ஜெர்மானிய இளைஞரின் கண்ணாடி வில்லைகளிடமும், காற்று மாசு பற்றிய சட்டங்களிடமும் கொண்டுபோய் விடுகிறது.

முதலில் பொறியமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நுழையவும் புகை வெளியேறவும் வால்வுகள் திறந்து மூடவேண்டும். வால்வை மூடிவைத்திருப்பது ஒரு சுருள்வில். திறந்துவிடுவது கேம். உருண்டையான தண்டின் மேல் முட்டை வடிவில் ஒரு மேடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டு சுழலும்போது அந்த மேடு, தன்மேல் அமர்ந்திருக்கும் டாப்பெட் என்ற சிறிய இரும்பு உருளையைத் தூக்கும். டாப்பெட் ஒரு நீண்ட கம்பியை மேலே தள்ளும். கம்பி ராக்கர் என்ற நெம்புகோலின் ஒரு முனையைத் தள்ள, மறு முனை வால்வை அமுக்கித் திறக்கும். கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றினால் கேம் தண்டு ஒரு சுற்று சுற்றும். இஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 தடவை திறந்து மூடுகிறது.

இஞ்சினின் ஆற்றலைக் கூட்டவேண்டுமானால் அதற்குள் அதிகக் காற்றை நுழைக்கவேண்டும். வால்வு இன்னும் உயரமாக, இன்னும் நீண்ட நேரம் திறந்திருந்தால் காற்று அதிகம் நுழையும். ஆகவே மேட்டின் வடிவத்தை மாற்று! வேகப் பித்தர்கள் முதலில் கைவைத்த இடம் இதுதான்.

தெற்குக் கலிபோர்னியாவில் மூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகள் உண்டு. தண்ணீர் வற்றிய பிறகு தரை பலகைபோல் மட்டமாகக் கிடக்கும். 1930-களில் இளைஞர்கள் பழைய போர்டு கார்களின் உடற்பகுதிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, இஞ்சினை மட்டும் சீர்செய்து, அங்கே ஓட்டிப் பார்த்தார்கள். 1932-இல் போர்டு கம்பெனி குறைந்த விலையில் எட்டு சிலிண்டர் வி-8 இஞ்சினைக் கொடுத்தது இவர்களுக்குப் பெரிய வரமாக அமைந்தது. கேம் தண்டைச் சாணை பிடித்து வடிவம் மாற்றித் தருவது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. எட் வின்ஃபீல்டு அதில் முன்னோடி. அவர் வேலையைப் பார்த்துப் பழகிய எட் இஸ்கெண்டேரியன், இரண்டாம் உலகப் போருக்குப் பின் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் தாமே கேம் தீட்டத் தொடங்கி, அத்துறையில் பெரும் பெயர் பெற்றார்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். மேட்டை உயர்த்துவது என்றால் இரும்பைக் கொண்டுவந்து ஒட்டுவதல்ல. ஏற்கெனவே உள்ள தண்டில் மேட்டைத் தவிர்த்து மற்ற அடிவட்டத்தைச் செதுக்கிச் சிறிதாக்கினால், மேடு தானே உயர்ந்ததாகிவிடும். மலிவான வழிதான். ஆனால் வார்ப்பிரும்புத் தண்டின் மேற்பரப்பில் மட்டும் கடினமாக்கப்பட்ட ஒரு தோல் உண்டு. அதைச் சீவிவிட்டால் உள்ளே இருப்பது மென்மையான இரும்பு. இப்படித் தோலிழந்து செத்த கேம்கள் அந்நாளில் ஏராளம்.

ஆனாலும் அந்தப் பழைய போர்டு இஞ்சின் பெரிதும் பொறுமைசாலி. அதில் வால்வுகள் சிலிண்டரின் பக்கத்திலேயே, கேமுக்கு நேர் மேலே இருந்தன. ராக்கர் கிடையாது. சுருள்வில்லின் விசை எவ்வளவோ அவ்வளவுதான் கேமின் மேல் இறங்கும். 1949-இல் ஓல்ட்ஸ்மொபீல், காடிலாக் கார்களிலும், 1955-இல் ஷெவர்லேயிலும் வால்வுகளைத் தலைக்கு மேலே கொண்ட புதிய வி-8 இஞ்சின்கள் வந்தன. காற்றோட்டத்துக்கு அவை மிக ஏற்றவை. ஆனால் இப்போது நடுவில் நெம்புகோல் புகுந்துவிட்டது. ஷெவர்லே இஞ்சினின் ராக்கர் வால்வுப் பக்கம் ஒன்றரைப் பங்கும், கம்பிப் பக்கம் ஒரு பங்கும் நீளமுள்ளது. கேம் 8 மில்லிமீட்டர் தூக்கினால் வால்வு 12 மில்லிமீட்டர் திறக்கும். சிறிய மேட்டைக் கொண்டு பெரிய திறப்பு! ஆனால் நெம்புகோல் இலவசமாக எதையும் தருவதில்லை என்பது பள்ளிப் பாடம். வால்வில் 150 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை இருந்தால், கேமின்மேல் 225 கிலோகிராம் எடை விழும்.

சுருள்வில்லுக்கு ஏன் அத்தனை விசை? நிலைமத்தின் காரணமாகத்தான். நாம் ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். வால்வு 12 மில்லிமீட்டர் உயரம் திறப்பதாகவும், அது திறந்து மூடுவதற்குள் கேம் தண்டு 140 பாகை சுழல்வதாகவும், வால்வின் ஓட்டம் தனிச்சீரிசை இயக்கம் என்றும் வைத்துக்கொள்வோம். இஞ்சின் வேகம் 6000 சுற்று என்றால் ஒரு திறப்புக்கு ஆகும் நேரம் 7.8 மில்லிநொடி. வீச்சு 6 மில்லிமீட்டர். முடுக்கத்தைக் கணக்கிட்டால் நொடிக்கு நொடி ஏறத்தாழ 3900 மீட்டர் வருகிறது. அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 400 மடங்கு. உண்மையான கேமின் வடிவம் இதைவிடச் சிக்கலானது என்றாலும் அளவின் தரம் இதுதான்.

மேலும் பாருங்கள்: முடுக்கம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 6000 சுற்றை 8000 ஆக்கினால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. முடுக்கமோ 400 மடங்கிலிருந்து 700 மடங்குக்கும் மேலே தாவுகிறது. மேட்டின் உச்சியைக் கடந்தவுடன் வால்வையும் கம்பியையும் டாப்பெட்டையும் திருப்பிக் கொண்டுவர வேண்டியது சுருள்வில்தான். அதற்கு வலு போதாவிட்டால் டாப்பெட் கேமை விட்டு எழும்பிப் பறந்துவிடும். இதை வால்வு மிதத்தல் என்பார்கள். பறந்தது எங்கேயாவது இறங்கத்தானே வேண்டும்? மேட்டின் மறுபக்கச் சரிவில் சம்மட்டிபோல் வந்து விழும். விழுந்த இடத்தில் குழிகள் விழும், விளிம்பு சிதறும். சுருள்வில்லே தன் இயல்பு அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு கொண்டு, உரிய நேரத்தில் விசை தராமல் ஏமாற்றுவதும் உண்டு.

இந்தச் சிக்கலை அடியோடு ஒழிக்கச் சுருள்வில்லையே தூக்கி எறிந்தவர்களும் இருந்தார்கள். 1954, 1955 ஆண்டுகளில் மெர்சிடிஸ்-பென்ஸ் பந்தயக் கார்களில் வால்வைத் திறக்க ஒரு கேம், மூட ஒரு கேம் என்று இரண்டு வைத்தார்கள். இத்தாலியில் டுகாட்டி மோட்டார் சைக்கிள்களுக்கு ஃபாபியோ தாக்லியோனி 1956 முதல் இம்முறையை வளர்த்தெடுத்தார். 1986-இல் ரெனோ பந்தய இஞ்சின்களில் சுருள்வில்லுக்குப் பதிலாக அழுத்தப்பட்ட வாயுவே வில்லாக வந்தது. ஆனால் இவையெல்லாம் பெருஞ்செலவு பிடிக்கும் வழிகள். வீட்டுக் கொட்டகையில் இஞ்சினைப் பிரித்துப்போட்டிருக்கும் இளைஞனுக்குக் கிடைத்த வழி ஒன்றே ஒன்று: இன்னும் விறைப்பான சுருள்வில்லை வாங்கிப் போடுவது.

வேறு வழியும் இருக்கிறது என்று காட்டியவர் ஷெவர்லேயில் பணியாற்றிய ஜோரா ஆர்கஸ்-டன்டாவ். பிரசல்ஸில் பிறந்த இவர் 1956 ஜனவரியில் ஃபுளோரிடாவின் டேடோனா கடற்கரை மணலில் கார்வெட் காரை மணிக்கு 240 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் காட்டினார். அதற்காக அவர் வடித்த கேம் வால்வை மிக உயரமாகத் தூக்கவில்லை. திறந்திருக்கும் நேரத்தை நீட்டி, முடுக்கத்தை மென்மையாக்கியது. அதனால் அளவுக்கு மிஞ்சிய சுருள்வில் தேவைப்படவில்லை. என் கருத்தில், அந்தக் காலத்துக் கேம்களுள் இயற்பியலை நன்றாக மதித்த கேம் இதுவே. ஆனால் விளம்பரத் தாளில் உயரத்தின் எண் பெரிதாக இருந்தால்தானே சரக்கு விலைபோகிறது!

கண்ணாடி வில்லைகள் சொன்ன கணக்கு

இனி அந்த 225 கிலோகிராம் எடை எத்தனை பரப்பில் இறங்குகிறது என்று பார்ப்போம். வளைந்த மேடு, ஏறத்தாழத் தட்டையான டாப்பெட்டின் அடிப்பாகத்தைத் தொடுகிறது. வடிவ கணிதப்படி அவை ஒரு கோட்டில் தொடுகின்றன. கோட்டுக்கு அகலம் இல்லை. அப்படியானால் அழுத்தம் முடிவிலியா?

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர், மின்காந்த அலைகளால் பின்னர் புகழ்பெற்ற ஹென்ரிக் ஹெர்ட்ஸ். அவர் நினைத்தது காரையோ கேமையோ அல்ல. 1880-ஆம் ஆண்டின் இறுதியில், பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்சிடம் உதவியாளராக இருந்தபோது, இரண்டு கண்ணாடி வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் தோன்றும் நியூட்டன் வளையங்களைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தார். வில்லைகளை அழுத்தினால் கண்ணாடி சற்றே நசுங்குமே, அது வளையங்களை எப்படி மாற்றும் என்பது அவர் ஐயம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து, மீட்சியியல் கொண்டு கணக்கை முடித்து, 1881 ஜனவரியில் பெர்லின் இயற்பியல் கழகத்தில் படித்தார். அப்போது அவருக்கு வயது 23. தொடும் பரப்புகள் மீள்தன்மையுடன் நசுங்கி, கோட்டுக்குப் பதில் ஒரு மெல்லிய பட்டையை உண்டாக்குகின்றன. அந்தப் பட்டையின் அகலமும் அழுத்தமும் இவ்வளவு என்று அவருடைய சூத்திரம் சொல்லிவிடும். இன்று பால் பேரிங், பற்சக்கரம், ரயில் சக்கரம் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

மேட்டின் அகலம் 12 மில்லிமீட்டர், உச்சியின் வளைவு ஆரம் 8 மில்லிமீட்டர் என்று கொண்டு ஹெர்ட்ஸ் சூத்திரத்தில் போட்டால், தொடும் பட்டையின் அகலம் கால் மில்லிமீட்டர்தான் வருகிறது. மொத்தப் பரப்பு மூன்று சதுர மில்லிமீட்டர். ஓர் அரிசி மணியை விடச் சிறிய இடம்! அதன்மேல் 225 கிலோகிராம். நடுவில் உச்ச அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 9 டன் அளவுக்குப் போகிறது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன நூற்றைம்பது மடங்கு இதிலிருந்து வந்ததுதான்.

டாப்பெட்டின் அடி ஏறத்தாழத் தட்டை என்றேன். முற்றிலும் தட்டையாக இருந்தால் கதை விரைவில் முடிந்துவிடும். அதை ஒரு மில்லிமீட்டரில் சுமார் இருபதில் ஒரு பங்கு மட்டும் நடுவில் புடைத்திருக்குமாறு தீட்டுகிறார்கள். கேமின் மேட்டையும் ஒரு பக்கமாக அதே அளவுக்குச் சாய்த்துத் தீட்டுகிறார்கள். அதனால் தொடும் இடம் டாப்பெட்டின் மையத்தில் விழாமல் சற்று ஓரமாக விழும். ஓரத்தில் உராய்ந்தால் டாப்பெட் தன் அச்சில் மெல்லச் சுழலும். சுழல்வதால் தேய்மானம் ஓரிடத்தில் குவியாமல் வட்டம் முழுதும் பகிர்ந்துகொள்ளப்படும். எவ்வளவு எளிய, எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! டாப்பெட் தன் துளைக்குள் இறுகிக்கொண்டாலோ, பழைய டாப்பெட்டைப் புதிய கேமின்மேல் போட்டாலோ இந்தச் சுழற்சி நின்றுவிடும். பழையது தன் பழைய மேட்டோடு பழகிப் புடைப்பை இழந்திருக்கும். சில ரூபாயை மிச்சம் பிடிக்கப் பழைய டாப்பெட்டுகளையே திரும்பப் போடுவதைப் போன்ற கெட்ட சிக்கனம் இஞ்சின் வேலையில் வேறில்லை.

வேகமாக ஓடும்போது அல்ல!

கேம் எப்போது சாகிறது? காரை வெறித்தனமாக விரட்டும்போது என்று நினைப்போம். வகுப்பில் கேட்டாலும் மாணவர்கள் இந்த விடையைத்தான் தருகிறார்கள். விறைப்பான சுருள்வில் போட்ட இஞ்சினில் நடப்பது இதற்கு நேர் எதிர். வண்டி நின்றபடி, இஞ்சின் சும்மா 700 சுற்றில் உறுமிக்கொண்டிருக்கும்போதுதான் மேட்டின் உச்சி பெரும் ஆபத்தில் இருக்கிறது.

காரணம் இரண்டு. உச்சியில் டாப்பெட் வேகம் குறைந்து திரும்பவேண்டும். அதற்கு வேண்டிய விசையைச் சுருள்வில் தருகிறது. வேகமாக ஓடும்போது சுருள்வில்லின் விசையில் பெரும்பகுதி இப்படி நிலைமத்தைச் சமாளிப்பதிலேயே செலவாகிவிடுவதால், கேமின்மேல் விழுவது மீதிதான். மெதுவாக ஓடும்போது நிலைமம் புறக்கணிக்கத்தக்கது. 225 கிலோகிராமும் முழுமையாக உச்சியின்மேல் இறங்கும்.

இரண்டாவது காரணம் எண்ணெய். உயவு எண்ணெய் இரண்டு இரும்புப் பரப்புகளுக்கு நடுவே ஆப்புப்போல இழுக்கப்பட்டுப் படலமாகிறது. இத்தனை பெரிய அழுத்தத்தில் எண்ணெய் பிதுங்கி ஓடிவிடாதா? ஓடாது. அந்த அழுத்தத்தில் எண்ணெயின் பாகுநிலை பல்லாயிரம் மடங்கு கூடி, அது ஏறக்குறைய ஒரு திண்மம்போல் ஆகிவிடுகிறது. இரும்பும் சற்று நசுங்கி இடம் கொடுக்கிறது. ரஷ்யாவில் எர்ட்டல், க்ரூபின் ஆகியோர் 1940-களில் இதைக் கண்டார்கள். இங்கிலாந்தில் டங்கன் டவ்சனும் ஹிக்கின்சனும் 1959 முதல் கணக்கிட்டு உறுதிசெய்தார்கள். அவர்களுடைய கணக்கின்படி, படலத்தின் தடிமன் எடையை மிகச் சிறிதளவே பொறுத்தது. வேகத்தையோ ஏறத்தாழ 0.7 என்ற அடுக்கில் பொறுத்தது. 6000 சுற்றிலிருந்து 700-க்கு இறங்கினால் படலம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே மெலிந்துவிடும். அதிலும் தட்டை டாப்பெட்டுக்கு இன்னொரு தொல்லை உண்டு. உச்சியின் இரு பக்கங்களிலும் எண்ணெயை உள்ளே இழுக்கும் வேகம் ஒரு கணம் சுழியாகிவிடும் இடங்கள் இருக்கின்றன. அந்தக் கணத்தில் படலம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை.

போதாததற்கு, இவ்வகை வி-8 இஞ்சின்களில் கேமுக்கென்று தனி எண்ணெய்க் குழாய் இல்லை. கீழே கிராங்க் தண்டு சுழன்று வாரி இறைக்கும் எண்ணெய்தான் அதற்குக் கிடைப்பது. மெதுவாகச் சுழன்றால் இறைப்பும் குறைவு. புதிய கேம் போட்டவுடன் இஞ்சினைச் சும்மா ஓடவிடாமல் 2000 சுற்றுக்கு மேல் இருபது, முப்பது நிமிடம் ஓட்டவேண்டும் என்று கேம் தயாரிப்பாளர்கள் அச்சிட்டுக் கொடுப்பதன் இரகசியம் இதுதான். இரட்டைச் சுருள்வில் உள்ள இஞ்சினில் உள்வில்லை அந்த நேரத்துக்குக் கழற்றிவிடச் சொல்வதும் இதற்காகவே.

ஆக, இஞ்சினை மாற்றியமைப்பவர் இரண்டு பக்கமும் இடிபடுகிறார். வில் மெலிந்தால் அதிவேகத்தில் டாப்பெட் பறந்து கேமை நொறுக்கும். வில் விறைத்தால் நிதானத்தில் கேமைத் தேய்க்கும்.

எண்ணெய்க்குள் ஒரு மருந்து

எண்ணெய்ப் படலம் இல்லாத அந்தக் கணங்களில் இரும்பை இரும்பிடமிருந்து காத்தது எது? இதற்கு விடை தற்செயலாகக் கிடைத்தது. 1940-களின் தொடக்கத்தில் துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் மூன்றும் அடங்கிய ஒரு சேர்மத்தை எண்ணெயில் கலக்கத் தொடங்கினார்கள். அதன் முழுப் பெயர் துத்தநாக டைஆல்கைல் டைதயோபாஸ்பேட். எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெடாமலும் பேரிங்குகள் அரிக்கப்படாமலும் இருக்கவே அதைச் சேர்த்தார்கள். 1950-களில் தலைவால்வு வி-8 இஞ்சின்கள் பெருகி, கேம்கள் கீறி உரியத் தொடங்கியபோதுதான், இந்தச் சேர்மம் உள்ள எண்ணெயில் கேம்கள் பிழைத்துக்கொள்வது தெரியவந்தது. உராயும் இடத்தில் அது சிதைந்து, இரும்பின்மேல் பாஸ்பேட் கண்ணாடியாலான ஒரு படலத்தைப் பூசுகிறது. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு. தேயத் தேய மீண்டும் பூசிக்கொள்ளும். பிறகு இருபது முப்பது ஆண்டுகள் கேமைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

கவலை வேறு பக்கத்திலிருந்து வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வானத்தை மூடிய புகைமூட்டத்துக்குக் கார்களே பெருங் காரணம் என்று தெரிந்தபின், அமெரிக்காவில் சட்டங்கள் கடுமையாயின. 1975-ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து புகைபோக்கியில் வினையூக்கிக் கலம் இடம்பெற்றது. பிளாட்டினம் போன்ற உலோகங்கள் பூசிய அந்தக் கலத்துக்குப் பெட்ரோலில் உள்ள ஈயம் நஞ்சு. ஈயம் போனது. அடுத்து, எரியும் எண்ணெயிலிருந்து வரும் பாஸ்பரசும் மெல்லக் கொல்லும் நஞ்சு என்று தெரிந்தது. எண்ணெயில் பாஸ்பரசுக்கு வரம்பு வந்தது: 1990-களின் தொடக்கத்தில் 0.12 சதவீதம், 1996-இல் 0.10, 2004-இல் 0.08.

கார்த் தொழிற்சாலைகளுக்கு இது இடைஞ்சலாக இல்லை. உராயும் டாப்பெட்டுக்குப் பதிலாக, அடியில் உருளை பொருத்தி உருண்டோடும் டாப்பெட்டை அவை ஏற்கெனவே போடத் தொடங்கியிருந்தன. போர்டின் 5 லிட்டர் வி-8 இஞ்சினில் 1985-லும், ஷெவர்லேயின் வி-8 இஞ்சினில் 1987-லும் அது வந்துவிட்டது. அகப்பட்டுக்கொண்டவர்கள் பழைய இஞ்சின்களை அருமையாகப் பேணி, கேம் மாற்றி, விறைப்பான வில் போட்டு ஓட்டுபவர்கள். 2000-களின் நடுவில் அவர்களிடையே கேம்கள் முதல் ஓட்டத்திலேயே கரைவதாகப் புகார்கள் மலிந்தன. குற்றவாளி எண்ணெய் என்று பெரும்பாலோர் முடிவுகட்டினார்கள். சுற்றுச்சூழல் சட்டம் எங்கள் இஞ்சினைக் கொன்றுவிட்டது என்ற பேச்சும் கிளம்பியது.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் எண்ணெய் வல்லுநர்கள் இதை மறுத்தார்கள். புதிய எண்ணெயும் உராயும் கேம் உள்ள இஞ்சினில் சோதனை செய்யப்பட்டுத் தேறியதே என்பது அவர்கள் வாதம். கேம் கெடுவது எப்போதும் உள்ளதுதான், ஒவ்வொரு தடவையும் அண்மையில் மாறிய எண்ணெய்மேல் பழி போடுவதும் எப்போதும் உள்ளதுதான் என்றார்கள். இந்த வாதத்தில் பாதி எனக்கு ஏற்புடையது. எந்த வில்லுடன் சோதனை செய்தார்கள் என்பதல்லவா கேள்வி? கம்பெனி போட்ட வில்லுக்குப் போதுமான பாதுகாப்பு, அதைவிட இருமடங்கு விறைத்த வில்லுக்குப் போதும் என்று எப்படிச் சொல்வது? மறுபக்கம், எண்ணெய் ஒன்றே காரணம் என்பதும் பொருந்தாது. பாஸ்பரஸ் வரம்பு இலேசான எண்ணெய்களுக்குத்தான். கனமான எண்ணெய்கள் பலவற்றுக்கு அது இல்லை. அதோடு, கார்க் கம்பெனிகள் உருளை டாப்பெட்டுக்கு மாறியபின், தட்டை டாப்பெட்டைத் தயாரிப்போர் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். புடைப்பே இல்லாத டாப்பெட்டும், கடினம் போதாத டாப்பெட்டும் சந்தைக்கு வந்தன. மேட்டின் சாய்வு, டாப்பெட்டின் புடைப்பு, வில்லின் விறைப்பு, முதல் அரை மணி ஓட்டம், எண்ணெயின் மருந்து ஆகிய ஐந்தில் ஒன்று சற்றுக் குறைந்தால் மற்ற நான்கும் தாங்கிக்கொள்ளும். இரண்டு மூன்று சேர்ந்து குறைந்தபோது கேம்கள் செத்தன என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மருந்துதானே என்று எண்ணெயில் அளவுக்கு மீறிக் கொட்டுவதும் தீர்வாகாது. அளவு மிஞ்சினால் நாளடைவில் பரப்பு உரிந்து குழி விழுவதாக அதே வல்லுநர்கள் எச்சரிக்கிறார்கள்.

அந்தக் கண்ணாடிப் படலம் எப்படி வளர்கிறது என்பது 2015-இல்தான் நேரில் பார்க்கப்பட்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தாரும் எக்ஸான்மொபில் நிறுவனத்தாரும் சேர்ந்து, அணுவிசை நுண்ணோக்கியின் ஊசிமுனையைச் சூடான எண்ணெய்க்குள் ஒரு பரப்பின்மேல் தேய்த்தார்கள். படலம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வளரவில்லை. அழுத்தம் கூடக் கூட வளர்ச்சி பன்மடங்காக விரைந்தது. வெப்பமும் அவ்வாறே விரைவுபடுத்தியது. தடிமன் ஓர் அளவை எட்டியதும் வளர்ச்சி தானே தணிந்துவிட்டது. இரும்பை அழிக்க வரும் அழுத்தமே அதற்குக் கவசத்தையும் பூசுகிறது. கவசம் வளர்வதற்குள் இரும்பு தேய்ந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். முதல் இருபது நிமிடத்தின்மேல் கேம் தயாரிப்பாளர்கள் ஏன் இத்தனை அக்கறை காட்டினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது.

பழைய இஞ்சின்களுக்கென்றே துத்தநாகச் சேர்மம் கூடுதலாகக் கலந்த எண்ணெய்கள் இப்போது தனியாக விற்கப்படுகின்றன. பணம் உள்ளவர்கள் பழைய இஞ்சினிலேயே உருளை டாப்பெட்டையும் எஃகுக் கேம் தண்டையும் பொருத்திக்கொள்கிறார்கள். தட்டை டாப்பெட்டை விடாத அனுபவசாலி மெக்கானிக்குகள், கடையிலிருந்து வந்த பெட்டியைப் பிரித்ததும் முதலில் ஒரு வேலை செய்கிறார்கள். இரண்டு டாப்பெட்டுகளை எடுத்து, அடியோடு அடி பொருந்தும்படி சேர்த்துப் பிடித்து, வெளிச்சத்தில் காட்டி மெல்ல அசைக்கிறார்கள். புடைப்பு சரியாக இருந்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று இலேசாகத் தள்ளாடும், விளிம்பில் ஒளிக்கீற்றும் தெரியும். தள்ளாடாமல் கச்சிதமாக ஒட்டிக்கொண்டால் அந்தப் பெட்டி கடைக்கே திரும்பிப் போகும்.